13 விநாடியில் பிளந்த தேசம்!

1970-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி. பொழுது விடியவில்லை. மணி நாலரை இருக்கும்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், லிங்கன் நினைவு மண்டபத்தின் படிக்கட்டுகளில் சில கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். சிலர் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். சிலர் தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதியைக் கண்டித்து அன்று பகலில் நடக்க இருந்த பெரிய கூட்டத்துக்காக வெளியூர்களில் இருந்து வந்தவர்கள் அவர்கள்.

ஒரு கார் வந்து நின்றது. ஒரு மனிதர் இறங்கினார். கூடவே அவருடைய வீட்டு வேலைக்காரர். பின்னால் சில காவலர்கள்.

படியேறி வந்தவரைப் பார்த்து மாணவர்கள் திகைத்துப்போனார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. அவர்தான்!

அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்டு நிக்சன்!

யாரை எதிர்த்துக் கோஷம் போட வந்தார்களோ, அவரே விடியற்காலையில் தேடி வந்து கை நீட்டினார்.

ஜனாதிபதிக்கு ஏன் அன்று தூக்கம் வரவில்லை? அதைச் சொல்ல வேண்டுமானால், ஐந்து நாள் பின்னால் போக வேண்டும். ஓகியோ மாநிலத்தில் உள்ள கென்ட் என்ற சிறிய ஊருக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், வியட்நாம் சண்டை எப்படி அமெரிக்கர்களின் வீட்டுக்குள் புகுந்தது என்று பார்த்துவிடலாம்.

யானையும் கழுதையும்

அமெரிக்காவில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்று குடியரசுக் கட்சி. அதற்கு யானை அடையாளம். மற்றது ஜனநாயகக் கட்சி. அதற்குக் கழுதை அடையாளம். (கழுதை என்றால் அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கட்சிக்காரர்களே பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்வார்கள்!)

வியட்நாம் சண்டையைப் பெரிதாக்கியவர் ஜனாதிபதி ஜான்சன். இவர் கழுதைக் கட்சி. 1964 ஆகஸ்டில், சண்டைக்கு வேண்டியதைச் செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு வந்தது. கீழ்ச்சபையில் ஆதரித்தவர்கள் 416 பேர். எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லை! செனட் என்ற மேல்சபையில் ஆதரவு 88, எதிர்ப்பு 2. அந்த இரண்டு பேரும் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

அதன் பிறகு படை போய்க்கொண்டே இருந்தது. சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. மாணவர்கள் கிளம்பினார்கள். "இன்று எத்தனை பிள்ளைகளைக் கொன்றாய்?" என்று ஜான்சனைக் கேட்கும் கோஷம் வெள்ளை மாளிகை வாசல்வரை கேட்டது. கடைசியில், மறுபடியும் தேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்று 1968 மார்ச் 31-ந் தேதி ஜான்சன் டெலிவிஷனில் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டுத் தேர்தலில் யானைக் கட்சியின் நிக்சன் ஜெயித்தார். "கௌரவமான சமாதானம் கொண்டு வருவேன்" என்பது அவர் கொடுத்த வாக்கு. அவர் பதவிக்கு வந்த சில மாதங்களில், 1969 ஏப்ரலில், வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 5 லட்சத்து 43 ஆயிரம் பேர். அதுதான் உச்சம். பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் படையைத் திருப்பி அழைத்தார்.

இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. ஜான்சன் காலத்தில் சண்டைக்குக் கை தூக்கிய கழுதைக் கட்சிக்காரர்களில் பலர், நிக்சன் வந்ததும் சமாதானம் பேச ஆரம்பித்தார்கள். "உங்கள் ஆள் நாற்காலியில் இருந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே?" என்று யானைக் கட்சி மடக்கியது. "உங்கள் ஆள் சமாதானம் என்று சொல்லித்தானே ஓட்டு வாங்கினார்?" என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான். சண்டையில் சிக்கியிருந்த பையனுக்கு இரண்டாலும் பயன் இல்லை.

பிறந்த நாள் குலுக்கல்

அந்தப் பையன் யார்? அவனைத் தேர்ந்தெடுத்த முறையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

1969 டிசம்பர் 1-ந் தேதி இரவு வாஷிங்டனில் ஒரு குலுக்கல் நடந்தது. ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் 366 நீல நிறக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் வருஷத்தின் ஒரு தேதி எழுதிய சீட்டு. நாடு முழுவதும் டெலிவிஷன் முன்னால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தது. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் அன்று யாருக்கும் சோறு இறங்கியிருக்காது.

முதல் சீட்டு எடுக்கப்பட்டது. செப்டம்பர் 14! அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு முதல் நம்பர். அவர்கள்தான் முதலில் பட்டாளத்துக்குப் போக வேண்டும். கடைசியாக வந்தது ஜூன் 8. அந்தத் தேதிக்காரர்கள் பிழைத்தார்கள். 195-ம் நம்பர் வரை பிறகு அழைப்புப் போயிற்று.

தாய் எந்தத் தேதியில் பெற்றாளோ, அந்தத் தேதிதான் தலையெழுத்து!

ஆனால் இதிலும் ஒரு சந்து இருந்தது. கல்லூரியில் படிப்பவன் படிப்பு முடியும்வரை தள்ளிப் போடலாம். கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத கொத்தனார் மகனும், லாரி டிரைவர் மகனும் உடனே போக வேண்டும். "சண்டைக்குப் போகாமல் படிக்கிறவன் கொடியை எரிக்கிறான், என் மகன் அந்தக் கொடிக்காகச் சாகிறான்" என்று தகப்பன்மார்கள் குமுறினார்கள். இந்தக் குமுறலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது வெடிக்கப் போகிறது.

பேசாதவர்களின் கட்சி

அதே 1969 அக்டோபர் 15-ந் தேதி நாடெங்கும் யுத்த எதிர்ப்பு நாள் கொண்டாடினார்கள். இருபது லட்சம் பேர் கலந்துகொண்டதாகக் கணக்குச் சொன்னார்கள். கையில் கறுப்புத் துணி. கோவில் மணிகள் ஒலித்தன. இறந்த சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மாணவர்கள் மட்டும் அல்ல. தாய்மார்களும் வக்கீல்களும் பாதிரியார்களும் வந்தார்கள். நிக்சனுடைய கட்சிக்காரர்கள்கூடச் சிலர் வந்தார்கள்.

துணை ஜனாதிபதி ஆக்னியூ சீறினார். போராட்டத்தைத் தூண்டுகிறவர்கள் தங்களை அறிவாளிகள் என்று எண்ணிக்கொள்ளும் திமிர் பிடித்த கூட்டம் என்றார்.

நிக்சன் வேறு வழியில் போனார். நவம்பர் 3-ந் தேதி டெலிவிஷனில் பேசினார். தெருவில் இறங்கிச் சத்தம் போடாத, வரி கட்டி, வேலை பார்த்து, அமைதியாக இருக்கும் பெரும்பான்மை மக்களின் ஆதரவை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். "மௌனப் பெரும்பான்மை" என்று அந்தப் பேச்சுக்குப் பெயர் வந்துவிட்டது. பல்லாயிரக்கணக்கில் தந்திகள் வந்து குவிந்தன. அவற்றை மேஜைமேல் மலைபோல் அடுக்கி வைத்து ஜனாதிபதி படம் எடுத்துக்கொண்டார்.

கெட்டிக்காரத்தனமான பேச்சு அது! பேசாதவன் என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அவன் எல்லோரையும் தன் பக்கம் என்று எழுதிக்கொண்டார் நிக்சன்.

பத்து நாளில் பதில் வந்தது. அதுவும் மௌனமாகவே வந்தது. இரவும் பகலுமாக, ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. அதில் இறந்துபோன ஒரு சிப்பாயின் பெயர். கையில் மெழுகுவர்த்தி. வெள்ளை மாளிகை முன்னால் வந்ததும் அந்தப் பெயரை உரக்கச் சொல்வார்கள். அப்புறம் நடந்துபோய், அட்டையை ஒரு சவப்பெட்டியில் போடுவார்கள். சில பெயர்களைச் சொன்னவர்கள் அந்தச் சிப்பாய்களின் சொந்தக்காரர்கள்.

அது முடிந்து, 15-ந் தேதி தலைநகரில் இரண்டரை லட்சம் பேருக்குக் குறையாமல் ஊர்வலம் போனார்கள். ஜனாதிபதி அன்று டெலிவிஷனில் கால்பந்து ஆட்டம் பார்த்ததாகச் செய்தி வந்தது.

கம்போடியா!

1970 ஏப்ரல் 20. இன்னும் ஒன்றரை லட்சம் சிப்பாய்கள் வீடு திரும்புவார்கள் என்று நிக்சன் அறிவித்தார். தாய்மார்கள் பெருமூச்சு விட்டார்கள்.

பத்தே நாள்! 30-ந் தேதி இரவு மறுபடியும் டெலிவிஷனில் தோன்றினார். பக்கத்தில் ஒரு தேசப்படம். வியட்நாமுக்கு அடுத்த நாடான கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை புகுகிறது என்றார். எல்லையில் ஒளிந்திருக்கும் எதிரிகளின் தளங்களை அழித்தால்தான் நம் பிள்ளைகள் பத்திரமாகத் திரும்ப முடியும் என்பது அவர் சொன்ன காரணம்.

சண்டை முடியப் போகிறது என்று இருந்தவர்களுக்குப் புதிதாக ஒரு நாட்டில் சண்டை! கல்லூரிகள் கொதித்தன. மறுநாள் நிக்சன், கல்லூரிகளைக் கொளுத்துகிறவர்களை "உதவாக்கரைகள்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவரைச் சாகும்வரை விடவில்லை.

கென்ட் ஊரில் மூன்று இரவுகள்

கென்ட் பல்கலைக்கழகம் பேர்போன இடம் அல்ல. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடமும் அல்ல. சுற்று வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள், நடுத்தரக் குடும்பத்தார் ஆகியோரின் பிள்ளைகள் சுமார் 20 ஆயிரம் பேர் அங்கே படித்தார்கள்.

மே 1, வெள்ளிக்கிழமை. அரசியல் சட்டத்தை ஜனாதிபதி கொன்றுவிட்டார் என்று சொல்லி, சட்டப் புத்தகத்தின் பிரதி ஒன்றை மாணவர்கள் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்றிரவு கடைத்தெருவில் கலாட்டா. கடைக் கண்ணாடிகள் நொறுங்கின.

சனிக்கிழமை இரவு, கல்லூரி வளாகத்தில் இருந்த ராணுவப் பயிற்சிக் கட்டிடம் எரிந்தது. (நம் ஊர்க் கல்லூரிகளில் என்.சி.சி. இருக்கிறது அல்லவா? அந்த மாதிரி.) தீயணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களை அறுத்துவிட்டார்கள். இது அக்கிரமம்தான். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஊர் மேயர் பயந்துபோய் கவர்னரிடம் படை கேட்டார். "நேஷனல் கார்டு" என்ற மாநிலக் காவற்படை வந்து இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கவர்னர் ரோட்ஸ் நேரில் வந்தார். செனட் பதவிக்கு அவர் தம் கட்சி வேட்பாளராக வருவதற்கு உட்கட்சி வாக்கெடுப்பு செவ்வாய்க்கிழமை நடக்க இருந்தது. அதாவது, இரண்டே நாள் இருந்தது! மேஜையைத் தட்டிக் கர்ஜித்தார். கலகம் செய்கிறவர்கள் ஹிட்லரின் பழுப்புச் சட்டைக்காரர்களை விட மோசம் என்றார். (செவ்வாய்க்கிழமை அவர் தோற்றுப்போனார் என்பது வேறு கதை.)

அதே ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஊரார் பிள்ளைகுட்டிகளோடு வந்து சிப்பாய்களை வேடிக்கை பார்த்தார்கள். மாணவிகள் சிப்பாய்களுடன் சிரித்துப் பேசினார்கள். ஒரு துப்பாக்கியின் வாயில் ஒரு பூ செருகியிருந்தது. துப்பாக்கிக் குண்டை விடப் பூ மேலானது என்று அல்லிசன் கிராஸ் என்ற 19 வயது மாணவி அங்கே சொன்னாள். அவளுடைய கல்லறையில் அந்த வார்த்தைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆம், கல்லறையில். மறுநாள் அவள் உயிரோடு இல்லை.

பகல் 12.24

மே 4, திங்கட்கிழமை. நடுப்பகலில் புல்வெளியில் கூட்டம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கூட்டத்துக்குத் தடை என்று 12 ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்திருந்தார்கள். பலருக்கு அது கைக்கு வரவே இல்லை. வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. மணி அடித்ததும் வகுப்பு மாறுகிறவர்களும் சாப்பிடப் போகிறவர்களும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எதிர்க்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வெறுமே நடந்து போனவர்கள் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

கலைந்து போகச் சொன்னார்கள். போகவில்லை. கண்ணீர்ப் புகை போட்டார்கள். காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று. சில மாணவர்கள் கல் எறிந்தார்கள். புகைக் குண்டைப் பொறுக்கித் திருப்பி வீசினார்கள். வசைமாரி பொழிந்தார்கள்.

சிப்பாய்களும் சின்னப் பையன்கள்தான். பலர் மாணவர்களின் வயதுதான். லாரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காவலுக்கு நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தவர்கள். தூக்கம் இல்லை. கையில் சண்டைக்கான துப்பாக்கி. அதில் நிஜமான குண்டு. எந்தப் பெரிய மனிதர் இந்த ஏற்பாட்டைச் செய்தாரோ தெரியாது. படிக்கிற பிள்ளைகளிடம் போகும்போது ரவையை நிரப்பிக் கொடுத்தனுப்பினார்கள்.

படை மேடேறி இறங்கி, கம்பி வேலி போட்ட மைதானத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் பத்து நிமிஷம் அங்கே நின்றது. பிறகு வந்த வழியே மேடேறியது. "சரி, முடிந்தது" என்று பல மாணவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள்.

மேட்டின் உச்சிக்குப் போனதும் சிப்பாய்கள் சட்டென்று திரும்பினார்கள். சுட்டார்கள்.

28 பேர் சுட்டார்கள். 60 குண்டுகளுக்கு மேல் பாய்ந்தன. மொத்தம் 13 விநாடி!

நால்வர் இறந்தார்கள். ஒன்பது பேர் காயம் அடைந்தார்கள். ஒருவர் இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்து, ஆயுள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருக்கும்படி ஆயிற்று.

இறந்தவர்களில் சிப்பாய்களுக்கு மிக அருகில் இருந்தவர் 265 அடி தூரத்தில் இருந்தார். அவர் ஜெப்ரி மில்லர், வயது 20. எதிர்ப்புக் கூட்டத்துக்கு வந்தவர். அல்லிசனும் அப்படியே. ஆனால் சாண்ட்ரா ஷோயர் (வயது 20) வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பெண். பேச்சு திக்குகிறவர்களுக்குப் பயிற்சி தரும் படிப்பு படித்தவள். நாலாவது ஆள் வில்லியம் ஷ்ரோடர், வயது 19. அவர் யார் தெரியுமா? எரிந்துபோனதே ராணுவப் பயிற்சிக் கட்டிடம், அந்தப் பயிற்சியில் சேர்ந்து நன்றாகத் தேறிக்கொண்டிருந்த மாணவர்! நாளைக்கு ராணுவ அதிகாரி ஆகியிருக்க வேண்டியவர்.

ஒரு வாத்தியார்

சுட்ட பிறகுதான் பெரிய ஆபத்து காத்திருந்தது. ரத்தத்தைப் பார்த்த மாணவர்கள் வெறிகொண்டு புல்வெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். "எங்களையும் சுடு" என்றார்கள். சிப்பாய்கள் மறுபடியும் அணிவகுத்து நின்றார்கள்.

அப்போது நடுவில் வந்தவர் கிளென் பிராங்க் என்ற பேராசிரியர். மண்ணியல் பாடம் நடத்துகிறவர். முன்னாள் ராணுவ வீரர். தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தவர். எந்தக் கொடியும் பிடிக்காதவர். அதிகாரிகளிடம் ஓடினார். "கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று மன்றாடினார். மாணவர்களிடம் திரும்பினார். "இதுவரை யார் பேச்சையும் கேட்காமல் இருந்திருக்கலாம். இப்போது மட்டும் கேளுங்கள். எழுந்து போகாவிட்டால் இங்கே கொலைக்களம் ஆகிவிடும்" என்று குரல் உடைந்து கெஞ்சினார்.

மாணவர்கள் எழுந்தார்கள். போனார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, கவர்னர், மாணவத் தலைவர்கள் எல்லோரும். ஓர் உயிரைக் காப்பாற்றிய பேச்சு இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யார் குற்றம்?

பல்கலைக்கழகத்தை அன்றே மூடினார்கள். எதிர்ப்பு வன்முறையாக மாறினால் விபரீதம் தானே வந்து சேரும் என்ற பொருளில் வெள்ளை மாளிகை ஓர் அறிக்கை விட்டது. அல்லிசனின் தகப்பனார் டெலிவிஷனில் தோன்றினார். "என் மகள் உதவாக்கரை அல்ல" என்றார். அதைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உண்மை அப்படி இல்லை.

சில நாளில் காலப் நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டது. மாணவர்கள்மேல்தான் குற்றம் என்றவர்கள் நூற்றுக்கு 58 பேர்! காவற்படைமேல் குற்றம் என்றவர்கள் 11 பேர். ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்றவர்கள் 31 பேர்.

ஜேம்ஸ் மிச்செனர் என்ற பிரபல எழுத்தாளர் கென்ட் ஊரிலேயே தங்கி விசாரித்து, 1971-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு தாய் வருகிறாள். அவளுடைய மூன்று மகன்கள் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள். "படை சொன்னதைக் கேட்காவிட்டால் அவர்களையும்தான் சுட்டிருக்க வேண்டும்" என்கிறாள்! பெற்ற வாய் சொல்கிற வார்த்தையா இது? அந்த வருஷம் அமெரிக்காவில் சொன்னது. தகப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டு, பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன வீடுகள் எத்தனையோ!

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. வியட்நாமுக்குப் படை அனுப்பியதே தப்பு என்றும் அதே மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த மாதமே சொன்னார்கள். 1971-ல் அது நூற்றுக்கு 61 ஆயிற்று. சண்டையும் வேண்டாம், சண்டை வேண்டாம் என்று தெருவில் கத்துகிறவனும் வேண்டாம்! இதை நிக்சன் புரிந்துகொண்ட அளவுக்கு மாணவர் தலைவர்கள் புரிந்துகொள்ளவில்லை. கண்ணாடி உடையும் ஒவ்வொரு சத்தமும் நிக்சனுக்குத்தான் ஓட்டுச் சேர்த்தது.

400-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலைநிறுத்தம் பரவியது. மே 15-ந் தேதி நள்ளிரவு தாண்டி, மிசிசிப்பி மாநிலத்தில் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தார் படிக்கும் ஜாக்சன் கல்லூரியில் போலீசார் சுட்டார்கள். இருவர் மாண்டார்கள். ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பையன். கென்ட் பற்றி அழுத பத்திரிகைகள் இதற்குக் கொடுத்த இடம் மிகக் குறைவு. கறுப்பு மக்கள் அதையும் கவனித்தார்கள்.

இரும்புத் தொப்பி

மே 8, வெள்ளிக்கிழமை. நியூயார்க் நகரம். கென்ட் ஊரில் இறந்தவர்களுக்காக மாணவர்கள் கூடினார்கள். நகர மண்டபத்தில் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிடச் சொல்லியிருந்தார் மேயர் லிண்ட்சே. அவர் எந்தக் கட்சி தெரியுமா? அப்போது நிக்சனின் கட்சி!

சாப்பாட்டு நேரம். பக்கத்தில் வானளாவிய உலக வர்த்தக மையக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கேயும் மற்ற இடங்களிலும் வேலை பார்த்த கட்டிடத் தொழிலாளர்கள் தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு, கையில் தேசியக் கொடியோடு நாலா பக்கமும் வந்தார்கள். மாணவர்கள்மேல் பாய்ந்தார்கள். தொப்பியைக் கழற்றி அதனாலேயே மண்டையில் அடித்தார்கள். தடுக்க வந்த வழிப்போக்கர்களுக்கும் அடி. போலீசாரில் பலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுமார் 70 பேர் காயம் அடைந்தார்கள்.

பிறகு நகர மண்டபத்துக்குப் போய், கொடியை முழுக் கம்பத்துக்கு ஏற்றச் செய்தார்கள். ஏறியதும் அடித்த கையாலேயே தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு தேசிய கீதம் பாடினார்கள்.

மாணவர்களின் ரத்தத்தைத் துடைத்தவர்களுக்கு இவர்கள் குண்டர்கள். ஆனால் அந்தக் குலுக்கலை நினைத்துப் பாருங்கள். இவர்களில் பலருடைய மகனோ, தம்பியோ, அக்காள் பிள்ளையோ அந்நேரம் வியட்நாம் சேற்றில் கிடந்தான். இந்தக் கொடியை அரைக் கம்பத்தில் இறக்க அவர்களுடைய பிள்ளைகள் செத்தபோது மேயருக்குத் தோன்றியதா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு மண்டையை உடைத்ததுதான் பதில் என்பதை ஏற்க முடியாது. கேள்வி பொய் அல்ல.

தலைமுறை தலைமுறையாகக் கழுதைக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் இந்தத் தொழிலாளர்கள். மே 20-ந் தேதி சுமார் ஒரு லட்சம் பேர் நியூயார்க்கில் நிக்சனை ஆதரித்து ஊர்வலம் போனார்கள். 26-ந் தேதி சங்கத் தலைவர் பீட்டர் பிரன்னன் வெள்ளை மாளிகைக்கே போய், ஜனாதிபதிக்கு ஒரு பாதுகாப்புத் தொப்பியைப் பரிசாகக் கொடுத்தார். 1973-ல் அதே பிரன்னன் நிக்சன் மந்திரி சபையில் தொழிலாளர் மந்திரி ஆனார்!

விடியற்காலைச் சந்திப்பு

இப்போது லிங்கன் மண்டபத்துப் படிக்கட்டுக்குத் திரும்புவோம்.

அன்றைக்கு வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பஸ்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்தி மதில்போல் அரண் கட்டியிருந்தார்கள். உள்ளே நிக்சன் இரவெல்லாம் தூங்காமல் ஒவ்வொருவராக டெலிபோனில் கூப்பிட்டுப் பேசினார். சுமார் 50 அழைப்புகள்! அப்புறம் இசைத்தட்டு போட்டுக் கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். தூரத்தில் மாணவர்கள் நடமாடுவது தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த வேலைக்காரர் மனோலோ சாஞ்சஸிடம், "லிங்கன் மண்டபத்தை ராத்திரியில் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். "இல்லை" என்றார் அவர். "வா, போகலாம்" என்று கிளம்பிவிட்டார். காவலர்கள் பதறிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

மாணவர்களிடம் என்ன பேசினார்? தாம் வாலிபராக இருந்தபோது, சண்டையைத் தவிர்த்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினைத்தான் மகான் என்று நினைத்ததாகவும், சர்ச்சிலைப் பைத்தியக்காரர் என்று நினைத்ததாகவும் சொன்னார். பிறகுதான் சர்ச்சில் சொன்னது சரி என்று தெரிந்ததாம். உலகத்தைச் சுற்றிப் பாருங்கள் என்றார். சீனாவின் கதவு ஒருநாள் திறக்கும் என்றார். (1972-ல் அவரே சீனா போனார்.) சண்டைமேல் உள்ள வெறுப்பு நாட்டின்மேல் வெறுப்பாக மாறிவிடக் கூடாது என்றார்.

கால்பந்தாட்டம் பற்றியும் பேசினார். இதுதான் மாணவர்களுக்குப் பொறுக்கவில்லை. "எங்கள் பல்கலைக்கழகம் கொதித்துக்கொண்டிருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். உடனே எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவைப் பற்றிப் பேசுகிறார்!" என்று ஒரு மாணவி பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாள்.

எனக்கு என்னவோ அந்த இடத்தில் நிக்சன்மேல் சற்று இரக்கம் வருகிறது. மகன் கோபமாக இருக்கும்போது, "கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது?" என்று பேச்சை ஆரம்பிக்கும் தகப்பன்மார்களை நாம் பார்த்ததில்லையா? ஆனால், செத்துப்போன நாலு பிள்ளைகளைப் பற்றி அந்தப் பேச்சில் நேராக ஒரு வார்த்தை வந்திருந்தால், அந்த மாணவி வேறு கதை சொல்லியிருப்பாள்.

பொழுது விடிந்தது. நிக்சன் சாஞ்சஸைப் பாராளுமன்றத்துக்கு அழைத்துப் போய், சபாநாயகர் இடத்தில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். பிறகு ஓட்டலில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு மாளிகைக்குத் திரும்பினார். பகலில் ஒரு லட்சம் பேர் கூடி அவரைக் கண்டித்தார்கள்.

சபையில் நடந்தது

தெருச் சண்டை சபைக்குள் வேறு உருவம் எடுத்தது. கம்போடியாவில் சண்டைக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று செனட்டில் ஒரு திருத்தம் வந்தது. கொண்டுவந்தவர்கள் இருவர். கூப்பர் யானைக் கட்சி. சர்ச் கழுதைக் கட்சி! 1970 ஜூன் 30-ந் தேதி 58-க்கு 37 ஓட்டில் அது செனட்டில் நிறைவேறியது. அதே நாளுக்குள் அமெரிக்கத் தரைப்படை கம்போடியாவைவிட்டு வெளியேறிவிட்டது.

வாலிபர்களின் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள் என்று ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதிய சொந்த மந்திரி ஹிக்கல், நவம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

"சாகும் வயது வந்துவிட்டது, ஓட்டுப் போடும் வயது வரவில்லையா?" என்ற வாலிபர்களின் கேள்விக்கு மட்டும் இரண்டு கட்சியும் தலை வணங்கின. 1971-ல் ஓட்டு வயது 18 ஆயிற்று. 1972 தேர்தலில் அந்தப் பிள்ளைகளும் ஓட்டுப் போட்டார்கள். நிக்சன் 50 மாநிலங்களில் 49-ல் ஜெயித்தார்!

1973 ஜனவரியில் சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. கட்டாயப் பட்டாளச் சேர்ப்பு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி ஆக்னியூ பதவி விலகினார். வேறொரு விவகாரத்தில் 1974 ஆகஸ்டில் நிக்சனும் பதவி விலகினார். 1975 ஏப்ரலில் சைகோன் நகரம் வீழ்ந்தது. அந்தச் சண்டையில் மாண்ட அமெரிக்கர்கள் 58 ஆயிரத்துக்கு மேல். வியட்நாம் மக்கள் பல லட்சம்.

15 ஆயிரம் டாலர்

கென்ட் வழக்கு என்ன ஆயிற்று? ஜனாதிபதி அமைத்த விசாரணைக் குழு, மாணவர்களில் சிலர் செய்த வன்முறையையும் கண்டித்தது. ஆனால் சுட்டது தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்று 1970-லேயே சொல்லிவிட்டது. சுட்டவர்களில் எட்டுப் பேர்மீது 1974-ல் வழக்கு வந்தது. நீதிபதி தள்ளுபடி செய்தார். சுடச்சொல்லி உத்தரவு போட்டது யார், உத்தரவு என்று ஒன்று இருந்ததா என்ற வாதம் தீரவே இல்லை.

பெற்றோர்கள் விடவில்லை. ஒன்பது ஆண்டு கோர்ட்டுப் படி ஏறினார்கள். 1979 ஜனவரியில் சமரசம் ஆயிற்று. ஓகியோ மாநிலம் மொத்தம் 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுத்தது. பெரும்பங்கு காயம் அடைந்தவர்களுக்குப் போயிற்று. இறந்த ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் 15 ஆயிரம் டாலர். அதோடு ஒரு காகிதம். "பின்னோக்கிப் பார்க்கும்போது, அன்றைய துயரம் நிகழ்ந்திருக்கக் கூடாது" என்று அதில் இருந்தது. பிரதிவாதிகள் 28 பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை.

நால்வரும் விழுந்த இடம் கார்கள் நிறுத்தும் இடம். பல ஆண்டு காலம் அந்த இடங்களின்மேல் கார்கள் நின்றன. 1999-ல்தான் நாலு இடத்தையும் விளக்குத் தூண்கள் வைத்து ஒதுக்கினார்கள்.

ஆண்டுதோறும் மே 3-ந் தேதி இரவு அங்கே மெழுகுவர்த்தியோடு ஊர்வலம் போவார்கள். பிறகு அந்த நாலு இடத்திலும் ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். பேசமாட்டார்கள். மறுநாள் பகல் 12.24 மணி வரை நிற்பார்கள்.